ரூகர் 10/22: குறி பார்க்கச் சுகம், குறி திருத்தச் சுமை

அமெரிக்காவில் ".22 ரைஃபிள் வாங்கலாமென்று இருக்கிறேன், எதை வாங்க?" என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ரூகர் 10/22. 1964-இல் சந்தைக்கு வந்தது. பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின், .22 குழல், பெயருக்குப் பொருள் அவ்வளவுதான். மேகசின் சுழல் வகை என்பதால் துப்பாக்கியின் அடிவயிற்றோடு சமமாக உட்கார்ந்துவிடும், கீழே துருத்தாது. எடை சுமார் ஐந்து பவுண்டு, குழல் பதினெட்டரை அங்குலம். கட்டையை மாற்றுவது, விசையை மாற்றுவது, குழலையே மாற்றுவது என்று இதன் உறுப்புகளைச் சுற்றி ஒரு தனிச் சந்தையே ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபது ஆண்டுகளாக எல்லாரும் எழுதித் தீர்த்த துப்பாக்கி இது.

எழுதாமல் விட்டது குழலின் மேல் இருக்கும் இரண்டு சிறிய உலோகத் துண்டுகளைப் பற்றி. வாங்கிய கையோடு பலர் ஸ்கோப் மாட்டிவிடுவதால், கூடவே வரும் அயர்ன் சைட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் அதைத்தான் பொருட்படுத்தினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறி பார்க்க இது நல்ல சைட், அந்தக் குறியைத் திருத்த வேண்டி வந்தால் மோசமான சைட்.

முன் சைட் ஒரு மெல்லிய தண்டு. அதன் தலையில் தங்க நிறத்தில் ஒரு மணி. பின் சைட் மடக்கக்கூடிய ஓர் இலை. நிமிர்த்தினால் வி வடிவ வெட்டு தெரியும். வெட்டுக்குக் கீழே வெள்ளை நிறத்தில் ஒரு சாய்சதுரம். மணியை வெட்டின் நடுவில் உட்காரவைத்து, இலக்கின் மேல் நிறுத்தி, விசையை இழுக்க வேண்டும். அரைகுறை வெளிச்சத்திலும் கண் தானாகவே மணியைக் கண்டுபிடித்துவிடுகிறது. முயல் வேட்டைக்கும் தகர டப்பா சுடுவதற்கும் இந்த அமைப்பு வேகமானது, எளிமையானது. மணியையும் வெட்டையும் வடிவமைத்தவர் துப்பாக்கி சுட்டுப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இலையைத் திருத்தும் வழியை வடிவமைத்தபோது அந்த மனிதர் விடுப்பில் இருந்தாரோ என்னவோ.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ஸ்கோப் மாட்டி இலையை மடக்கியே வைத்திருந்தார். எப்போதோ ஒரு முறை அதைத் திருத்தப் பார்த்திருக்கிறார் என்பது திருகுகளின் தலையில் இருந்த காயங்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஆக, ஜீரோ செய்யும் வேலையை அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. நாம் பார்க்கும் நேர்கோடும் குண்டு பறக்கும் வளைவும் நாம் முடிவுசெய்த ஒரு தூரத்தில் சந்திக்கும்படி சைட்டை நகர்த்துவதுதான் ஜீரோ.

அதற்கு முன் ஒன்று. சைட்டைத் தொடுமுன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் விதிதான் என்றாலும் இதற்குக் கூடுதலாகப் பொருந்தும். 10/22-இல் கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட்டு தானாகப் பின்னால் நிற்காது, மூடிக்கொள்ளும். தீர்ந்ததா, ஒன்று மிச்சமிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுத்தியலும் கையுமாகக் குழலின் மேல் குனிந்து வேலை செய்யப் போகிறோம் என்பதால் இதில் சமரசமே கூடாது.

அடுத்து, முதல் குண்டு எங்கே பட்டது என்று பார்த்துச் சைட்டை நகர்த்தும் ஆசையை அடக்க வேண்டும். ஒரு துளை எதையும் சொல்லாது. ஊரில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. மண்ணில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் சுட்டு முடித்ததும் ஹவில்தார் அட்டையைப் பார்த்து முதலில் கேட்பது 'குரூப்பிங்' எவ்வளவு என்பதைத்தான். நடுவில் பட்டதா என்பதெல்லாம் பிறகு. ஐந்து குண்டும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தால், அந்தக் கூட்டம் எங்கே விழுந்திருந்தாலும் சைட்டை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறி விழுந்தால் நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை. மூச்சையும் விசை விரலையும்தான் திருத்த வேண்டும்.

அதனால் மேசையில் மணல் பை போட்டு உட்கார்ந்து சுடுங்கள். பை முன்கட்டைக்குக் கீழே இருக்கட்டும். குழல் எதன் மேலும் சாயக் கூடாது. கண்ணின் கூர்மை முழுவதும் தங்க மணியின் மேல். இலக்கு மங்கலாகத் தெரியும், பின் வெட்டும் மங்கலாகத் தெரியும், தெரியட்டும். 25 கஜத்தில் இந்தத் துப்பாக்கி சாதாரணத் தோட்டாவிலேயே ஐந்து குண்டை ஓர் அங்குலத்துக்குள் போடும். என் கையிலும் போட்டது. அங்குலக் கணக்கைத் தாண்டிச் சிதறினால் குற்றம் பெரும்பாலும் துப்பாக்கியில் இருக்காது.

கூட்டம் கிடைத்துவிட்டது. இடப்பக்கம் இரண்டு அங்குலம் விலகி, ஓர் அங்குலம் கீழே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் நகர்த்த? இங்கேதான் பாதிப் பேர் குழம்பித் தவறான பக்கம் தட்டி, இரண்டு அங்குலப் பிழையை நான்காக்கி வைப்பார்கள். என்னிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: பின்னது பின்பற்றும், முன்னது முரண்படும். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ குண்டும் அந்தப் பக்கமே போகும். முன் சைட்டை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் போகும். உயர்த்துவதற்கும் தாழ்த்துவதற்கும் இதே விதிதான். நம் உதாரணத்தில் பின் சைட் வலப்பக்கமும் மேலேயும் நகர வேண்டும்.

எவ்வளவு? அதற்குக் குருட்டாம்போக்கு வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். பிழையை இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியில் சைட்டுகளின் இடைவெளி ஏறத்தாழ 15 அங்குலம். 25 கஜம் என்றால் 900 அங்குலம். இரண்டு அங்குலப் பிழைக்கு 2 பெருக்கல் 15, வகுத்தல் 900: ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் 0.85. உயரத்துக்கு அதில் பாதி, 0.42 மில்லிமீட்டர், பிரின்டர் தாள் நான்கை அடுக்கினால் வரும் தடிமன். இந்த நூலிழைக் கணக்கைச் செய்து முடிக்க ரூகர் தந்திருக்கும் வசதி என்ன? பக்கவாட்டுக்குச் சுத்தியல், உயரத்துக்கு விரல் நகம்.

மிகையாகச் சொல்லவில்லை. பின் சைட் குழலின் மேல் குறுக்கே வெட்டிய காடியில் இறுகப் பொருந்தியிருக்கிறது. காடியின் அடி அகலம், வாய் குறுகல். அதனால் மேலே எழாது, பக்கவாட்டில் மட்டுமே நகரும். நகர்த்த வேண்டுமென்றால் தட்டத்தான் வேண்டும். 'கிளிக்' கிடையாது, அளவுகோல் கிடையாது. முதலில் பென்சிலை நன்றாகச் சீவி, சைட்டின் அடியிலிருந்து குழலுக்கு ஒரே கோடாக இழுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து கிளம்பினோம் என்பது அப்போதுதான் தெரியும். காடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். துப்பாக்கியைத் துணி சுற்றி அசையாமல் பிடித்து, பித்தளை பஞ்ச்சைச் சைட்டின் அடிப்பாகத்தில், காடியை ஒட்டி வைத்துத் தட்டுங்கள். இலையின் மேல் பகுதியில் தட்டினால் இலை வளையும், சைட் நகராது. எஃகு பஞ்ச் வேண்டாம். கறுப்புப் பூச்சு உரிந்து தழும்பாகும்.

இந்த வேலையின் தொல்லை முதல் தட்டில் இல்லை, கடைசித் தட்டில்தான் இருக்கிறது. நான்கு தட்டுக்கு அசையாமல் அடம்பிடிக்கும் சைட், ஐந்தாவது தட்டில் மடமடவென்று இரண்டு மில்லிமீட்டர் ஓடிவிடும். பிறகு எதிர்ப்பக்கமிருந்து தட்ட வேண்டும். பெரிய சுத்தியலால் மெல்லத் தட்டுவதைவிடச் சிறிய சுத்தியலால் சுருக்கென்று தட்டுவது கட்டுக்குள் நிற்கிறது. வெர்னியர் காலிப்பர் இருந்தால் சைட்டின் ஓரத்துக்கும் குழலின் பக்கத்துக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு தட்டுக்கும் அளந்துவிடலாம். திருகைச் சுழற்றிச் சைட்டை மெல்லத் தள்ளும் கருவியும் சந்தையில் உண்டு. வாழ்க்கையில் ஒரு துப்பாக்கிக்கு ஒரு முறை செய்யும் வேலைக்கு அதை வாங்கச் சொல்ல மாட்டேன். துப்பாக்கி பழுது பார்ப்பவர் கடைக்குக் கொண்டுபோனால் அவரிடம் இருக்கும்.

உயரம் திருத்துவது வேறு வகைத் தலைவலி. இலையில் உள்ள பொடித் திருகுகளைத் தளர்த்தினால் வெட்டு இருக்கும் தகடு மேலும் கீழும் வழுக்கும். வழுக்கும் என்பதுதான் சிக்கல்; எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தகட்டை நகத்தால் பிடித்து நிறுத்தி, மறு கையால் திருகை இறுக்கும்போது திருப்புளியின் சுழற்சியோடு சேர்ந்து தகடும் ஒரு பக்கம் சாய்கிறது. நான் கண்ட வழி: திருகை முழுவதும் தளர்த்தாமல், விரலால் அழுத்தினால் மட்டும் நகரும் அளவுக்கு வைத்துக்கொள்வது, வால்வு இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் வேண்டிய தடிமனுள்ள தகட்டை எடுத்து அளவு பார்ப்பது. திருகின் வெட்டில் சரியாகப் பொருந்தும் திருப்புளி முக்கியம். வீட்டு டூல் பாக்ஸில் கிடக்கும் ஏதோ ஒன்றால் நெம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் துப்பாக்கியின் திருகுத் தலைகளே சாட்சி.

சரி, எந்தத் தூரத்துக்கு ஜீரோ வைப்பது? தொடக்கத்தில் 25 கஜத்தில் சுட்டாலும் முடிவில் 50 கஜத்துக்கு வைப்பதே என் விருப்பம். குழல் இம்மியளவு மேல்நோக்கித்தான் இருக்கும். குண்டு நம் பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, அதைத் தாண்டி மேலேறி, மறுபடி இறங்கும். விநாடிக்கு 1,070 அடி வேகத்தில் கிளம்பும் 40 கிரெய்ன் சாதாரணத் தோட்டாவை 50 கஜத்தில் சரிசெய்துவிட்டால், 25 கஜத்தில் முக்கால் அங்குலம்போல உயர்ந்து படும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு சுடலாம். மாறாக 25-இல் சரிசெய்துவிட்டு 50-இல் சுட்டால் ஒன்றரை அங்குலம் தாழ்ந்துவிடும். 100 கஜத்தில், 50-க்கு வைத்த சைட்டோடு சுட்டாலே, அரை அடிக்கும் மேல் இறங்கிவிடுகிறது. .22-இன் எல்லை அப்படி. சைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

தோட்டாவை மாற்றினால் ஜீரோவும் மாறும். இதைப் பலர் நம்புவதில்லை. இந்தத் துப்பாக்கிக்குரிய .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா 1887-இலிருந்து புழங்குவது. தனி 'கேப்' கிடையாது; வெடிமருந்தைப் பற்றவைக்கும் பசை, அடித் தகட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும்; துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கும். பசை விளிம்பைச் சுற்றிச் சீராகப் பரவியிருக்க வேண்டும். மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாக்களில் வேகம் ஒன்றுக்கொன்று மாறுவதைக் காதாலேயே கேட்கலாம்: ஒன்று 'டப்' என்னும், அடுத்தது 'டப்பீர்' என்னும். சி.சி.ஐ. நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி வேகம்; அதே நிறுவனத்தின் மினி மேக் 1,235 அடி. ஒலியின் வேகம் இவ்விரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 1,125 அடி. ஒலியை மிஞ்சிக் கிளம்பும் குண்டு, போகும் வழியில் வேகம் குறைந்து ஒலியின் எல்லையைக் கடக்கும்போது கொஞ்சம் தள்ளாடும். பக்கக் காற்றிலும் வேகமான குண்டுதான் கூடுதலாக ஒதுங்கும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், உண்மை அதுதான். எனவே அட்டையில் துல்லியம் வேண்டுமென்றால் ஸ்டாண்டர்டே போதும். எதைத் தேர்ந்தாலும் அதிலேயே நில்லுங்கள். புது வகைக்கு மாறினால் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய மெழுகும் கரியும் போய்ப் புதியது குழலில் படிய வேண்டும்.

காற்றைவிட என்னைக் கூடுதலாக அலைக்கழித்தது வெயில். நான் சுடுவது டெக்சாஸில், மேற்கூரை மட்டும் உள்ள ஒரு திறந்தவெளி ரேஞ்சில். காலையில் நடுவில் விழுந்த கூட்டம் பிற்பகலில் ஒரு பக்கமாக ஒதுங்கியது. சைட் நகர்ந்துவிட்டதோ என்று பென்சில் கோட்டைப் பார்த்தால், கோடு கோடாகவே இருந்தது. காரணம் அந்தத் தங்க மணி. அது உருண்டையானது, பளபளப்பானது. வெயில் வலப்பக்கமிருந்து அடித்தால் மணியின் வலப்பாதி மட்டும் மின்னும். இடப்பாதி நிழலில் கரைந்துவிடும். கண் அந்த மின்னலையே மணியின் நடு என்று எடுத்துக்கொள்கிறது. மின்னலை இலக்கின் நடுவில் நிறுத்தினால் மணியின் உண்மையான நடு இடப்பக்கம் இருக்கும். குண்டும் இடப்பக்கம் போகும். ஒளி எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தயக்காரர்கள் முன் சைட்டைக் கரியால் கறுப்பாக்கிவிடுவது இதற்காகத்தான். அட்டையில் சுடுகிற நாளில் மெழுகுவர்த்திச் சுடரின் நுனிப் புகையில் மணியை ஒரு நொடி காட்டினால் போதும், துடைத்தால் போய்விடும். வேட்டைக்குத் தங்கம், அட்டைக்குக் கரி. ஜீரோ செய்வதையே வெயில் தலைக்கு நேர் மேலே இருக்கும் வேளையிலோ மேகமூட்டத்திலோ வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மணியைப் பற்றி இன்னொரு குறை: அது பெரியது. 25 கஜத்திலேயே ஒன்றரை, இரண்டு அங்குல வட்டத்தை மறைத்துவிடும். அட்டையின் கறுப்பு வட்டத்தை மணியால் மூடிவிட்டுச் சுட்டால் எதைச் சுடுகிறோம் என்றே தெரியாது. வட்டத்தின் அடி விளிம்பில் மணியை உட்காரவைக்கும் ஆறு மணிப் பிடிதான் இதற்குத் தோது. ஆனால் அப்படி ஜீரோ செய்தால் அந்த அளவு வட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது.

நாற்பதைத் தாண்டியவர்கள் இதுவரை சொன்னதற்கெல்லாம் ஒரு பெரிய 'ஆனால்'-ஐ எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குக் கைத்தொலைவில் இருக்கும் வி வெட்டு வெறும் சாம்பல் நிறப் புகை. படிக்கும் கண்ணாடி போட்டால் வெட்டு தெளியும், இலக்கு காணாமல் போகும். கண் மருத்துவரிடம் முன் சைட் இருக்கும் தூரத்தைச் சொல்லி அதற்கென்று கண்ணாடி எழுதி வாங்குபவர்கள் உண்டு, நல்ல யோசனைதான். இன்னொரு வழி, வெட்டை விட்டுத் துளைக்கு மாறுவது. கண்ணுக்கு அருகில் ஒரு சிறிய துளை. அதன் வழியே முன் சைட்டைப் பார்க்க வேண்டும். சிறு துளை வழியே நுழையும் ஒளியில் கிட்டத்துப் பொருளும் எட்டத்துப் பொருளும் ஓரளவு ஒன்றாகத் தெளிகின்றன. துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும் என்பதால் பொருத்திப் பார்க்கும் வேலையில் ஒன்று குறைகிறது.

10/22-க்கென்றே டெக்-சைட்ஸ் என்ற பெயரில் ஒரு துளை சைட் கிடைக்கிறது. ரிசீவரின் மேல் ஸ்கோப்புக்காக ஏற்கெனவே மரையிட்ட துளைகளிலேயே அதன் பின் பகுதி உட்காரும். கண்ணுக்கு அவ்வளவு அருகில் வந்துவிடுவதால் இரண்டு சைட்டுகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சைட்டுகளைப் பொருத்துவதில் நேரும் அதே அளவு பிழை அட்டையில் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். முன் பக்கம் மணிக்குப் பதில் இருபுறமும் காப்புள்ள கறுப்புத் தண்டு, வெயிலில் மின்னாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கவாட்டுக்குக் கிளிக் இருக்கிறது. ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்று ஒரு முறை அட்டையில் பார்த்து எழுதிவைத்துக்கொண்டால் சுத்தியலைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

இந்தச் சேர்க்கையை நான் கண்டுபிடிக்கவில்லை. 2006 முதல் அமெரிக்கா முழுவதும் துப்பாக்கி சுடக் கற்றுத்தரும் ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட் வகுப்புகளில், டெக்-சைட்ஸும் தோள்வாரும் மாட்டிய 10/22-க்கு 'லிபர்ட்டி ட்ரெய்னிங் ரைஃபிள்' என்றே பெயர். அங்கே பயிற்சி 25 மீட்டரில். 250-க்கு 210 மதிப்பெண் எடுத்தவருக்கு 'ரைஃபிள்மேன்' பட்டை. நூறு கஜத்துக்கு நான்கு அங்குலம் என்ற அளவில், அதாவது 25 மீட்டரில் ஓர் அங்குலத்தை ஒட்டிய வட்டத்துக்குள் குண்டு விழ வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் கை. அங்குலப் பிழையைக் கோண நிமிடமாக்கி (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதைக் கிளிக்காக மாற்றும் கணக்கைத் தரையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கோப் வைத்துக்கொண்டும் போகலாம், தடையில்லை.

அப்படியானால் கூடவே வரும் சைட்டைக் கழற்றி எறிய வேண்டுமா? கண் நன்றாக இருந்து, ஒரே வகைத் தோட்டாவைச் சுட்டு, ஐம்பது கஜத்துக்குள் நிற்பவர் என்றால் வேண்டவே வேண்டாம். ஒரு பிற்பகலைச் செலவழித்து மேலே சொன்னபடி ஜீரோ செய்துவிட்டு, திருகுகளின் தலையில் ஒரு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். தானாகத் தளராது, தளர்ந்தால் பூச்சு விண்டிருப்பது காட்டிக்கொடுத்துவிடும். பென்சில் கோட்டின் இடத்தில் ஊசியால் மெல்லிய கீறல் ஒன்று. உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் இலை முழுக்க நிமிர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். துணியில் சிக்கிப் பாதி மடங்கிய இலை, பாடுபட்டு வைத்த உயரத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

வாரம் ஒரு தோட்டா வகை மாற்றிப் பார்ப்பவர், அட்டையில் மதிப்பெண் எண்ணுபவர், கண்ணாடியைத் தேடுபவர், இந்த மூவரில் ஒருவராக இருந்தால் துளை சைட்டுக்குப் போய்விடுங்கள். நான் மூன்றாமவன், போய்விட்டேன்.